ஊசி போட்டாச்சு, மூளை ஒளிரவில்லை: ஏஏவி சிக்கல்களை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஏஏவி என்ற வைரஸில் வைத்து எலிக்கு ஊசி போட்டு, மூன்று வாரம் காத்திருந்து, அதன் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பின் நீல விளக்கைப் போட்டால் பச்சையாக ஒன்றுமே இல்லை. இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்த யாருக்கும் அந்த இருட்டு புதிதில்லை. உடனே வாயில் வருவது “வைரஸ் செத்துப்போச்சு” என்பதுதான். நானும் அப்படிச் சொல்லி, நல்ல வைரஸைப் ப்ளீச்சில் கொட்டிவிட்டு, புதிதாக வரவழைத்ததிலும் அதே இருட்டைப் பார்த்தவன். தப்பு வைரஸில் இல்லை, எலியில் இருந்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

ஏஏவி (அடினோ-அசோசியேட்டட் வைரஸ்) பற்றி ரெண்டு வரி. அடினோவைரஸ் மாதிரிகளில் வேண்டாத கலப்படமாக 1965-இல் கண்ணில் பட்ட வைரஸ் இது. ஏறக்குறைய 25 நானோமீட்டர் அகலத்தில் ஒரு புரத ஓடு, அதற்குள் சுமார் 4,700 எழுத்து நீளத்தில் ஒற்றை இழை டிஎன்ஏ. இரண்டு முனைகளிலும் உள்ள ஐடிஆர் என்ற 145 எழுத்துத் துண்டுகளை மட்டும் விட்டுவைத்து, நடுவில் இருப்பதை எடுத்துவிட்டு நமக்கு வேண்டிய மரபணுவை வைக்கிறோம். எந்தச் செல்லுக்குள் போவது என்பது ஓட்டின் வேலை. அதைத்தான் கேப்சிட் என்கிறோம். போன இடத்தில் மரபணு பேசுமா பேசாதா, அதாவது புரதம் செய்யுமா என்பது, அதை இயக்கும் ப்ரோமோட்டர் என்ற டிஎன்ஏ துண்டின் வேலை. சிக்கல் வந்தால் முதலில் இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும்.

பிரிக்க ஒரு நேரடி வழி உண்டு. மூளையில் ஒரு துண்டை வெட்டாமல் உறையவைத்து எடுத்துவையுங்கள். அதிலிருந்து டிஎன்ஏ பிரித்து, வைரஸ் மரபணு இருக்கிறதா என்று, டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் க்யூபிசிஆரில் பாருங்கள். டிஎன்ஏ இருந்து ஒளி இல்லை என்றால், சரக்கு வந்து சேர்ந்துவிட்டது, பிரிக்கத்தான் ஆளில்லை: ப்ரோமோட்டர், காலம், சாயம் ஏற்றும் முறை இவற்றைத் தேடுங்கள். டிஎன்ஏவே இல்லை என்றால் சரக்கு வரவேயில்லை: ஊசி, கேப்சிட், எலி. ஒரு நாள் வேலைதான். இதைச் செய்யாமல் அடுத்த மூன்று வாரத்தைத் தொடங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

ரத்தத்தில் ஏற்றினேன், மூளை முழுக்க இருட்டு

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மூளையின் ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருக்கும். சர்க்கரையும் ஆக்சிஜனும் போகும், வைரஸ் போகாது. இதுதான் ரத்த-மூளைத் தடுப்பு. ஏஏவி9 என்ற இயற்கை வகை கொஞ்சம் கடக்கும் என்று 2009-லேயே தெரியும். ஆனால் வளர்ந்த எலியில் அது போதவில்லை. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் விவியானா கிரடினாருவின் குழுவும் பெஞ்சமின் டெவர்மனும் செய்த வேலை இங்கேதான் வருகிறது. ஏஏவி9-இன் ஓட்டில் 588, 589 என்ற இடங்களுக்கு நடுவே ஏழு அமினோ அமிலங்களைக் கண்டபடி செருகினார்கள். ஏழு இடம், ஒவ்வொன்றிலும் இருபது தேர்வு என்றால் 128 கோடி சேர்க்கைகள் சாத்தியம். அப்படி ஒரு பெருங்கூட்டத்தை எலியின் ரத்தத்தில் விட்டு, மூளைக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டும் பிடித்தெடுத்தார்கள்.

பிடித்தெடுத்த தந்திரம் அழகானது. மூளைக்கு வந்த வைரஸ் எல்லாம் செல்லுக்குள் நுழைந்ததாகக் கணக்கில்லை. பாதி ரத்தக் குழாயில் ஒட்டிக்கொண்டு சும்மா நிற்கும். ஆகவே, நரம்புச் செல்களான நியூரான்களுக்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் மட்டும் க்ரீ என்ற நொதி இருக்கும் எலியை எடுத்தார்கள். வைரஸின் டிஎன்ஏவில் ஒரு துண்டை, க்ரீ தொட்டால் திரும்பிக்கொள்ளும்படி அமைத்தார்கள். திரும்பிய துண்டு மட்டும் பிசிஆரில் பெருகும். உள்ளே போகாமல் வாசலில் நின்றவை எல்லாம் தானாகக் கழிந்துவிடும். இந்த முறைக்குக் க்ரியேட் என்று பெயர். 2016-இல் வெளியான அதன் முதல் வெற்றி பிஎச்பி.பி என்ற கேப்சிட். மூளையிலும் தண்டுவடத்திலும் ஏஏவி9-ஐ விட 40 மடங்குக்குக் குறையாமல் மரபணுவைக் கொண்டு சேர்த்தது. பெயரில் உள்ள பிஎச்பி, கால்டெக் நரம்பியல் ஆய்வாளர் பால் எச். பேட்டர்சனின் முதலெழுத்துகள். அடுத்த ஆண்டு அதைச் சீவிச் சீராக்கி பிஎச்பி.ஈபி வந்தது. ஓர் எலிக்கு பத்தாயிரம் கோடி வைரஸ் ஏற்றியதில், மூளைப் புறணியின் நியூரான்களில் 69 சதவீதத்தை அது எட்டியது. தலையைத் திறக்காமல், கண்ணுக்குப் பின்னால் உள்ள நாளத்தில் ஒரே ஊசி.

சரி, உங்கள் எலியில் ஏன் இருட்டு? முதலில் கல்லீரலைச் சீவிப் பாருங்கள். எல்லாச் செல்லிலும் பேசும் சிஏஜி ப்ரோமோட்டர் போட்டிருந்தால் கல்லீரல் ஒளிர வேண்டும். கல்லீரல் பளிச்சென்று இருந்து மூளை இருட்டாக இருந்தால், ஊசி சரி, வைரஸும் சரி. மூளைதான் உள்ளே விடவில்லை. இரண்டுமே இருட்டு என்றால் ஊசி நாளத்துக்குப் போகாமல் பக்கத்துத் தசையில் இறங்கியிருக்கலாம், அல்லது நிஜமாகவே வைரஸ் போய்விட்டது. நியூரான்களில் மட்டும் பேசும் சினாப்சின் ப்ரோமோட்டர் போட்டவர்கள் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். அவர்களுக்குக் கல்லீரல் எப்போதுமே இருட்டாகத்தான் இருக்கும். டிஎன்ஏவைத்தான் பார்க்க வேண்டும்.

கல்லீரல் ஒளிர்ந்தால், அடுத்து எலியின் வம்சம். என் கதை இதுதான்: பக்கத்துக் குழு வேறு வேலைக்கு வளர்த்த எலிகளில் நாலு மிச்சம் இருந்தன. வீணாக வேண்டாமே என்று வாங்கிப் பிஎச்பி.ஈபி ஏற்றினேன். இருட்டு. புது வைரஸ் வாங்கி மறுபடி ஏற்றினேன். மறுபடி இருட்டு. மொத்தம் இரண்டு மாதம். கடைசியில் கூண்டு அட்டையை நிதானமாகப் படித்தபோது ‘பால்ப்/சி’ என்று எழுதியிருந்தது.

அந்தக் கேப்சிட்களைத் தேர்ந்தெடுத்தது சி57பிஎல்/6 என்ற கறுப்பு எலியின் பின்னணியில். பால்ப்/சி எலியில் பிஎச்பி.பி வேலை செய்வதில்லை என்று 2018-இல் வேறு குழுவினர் காட்டினார்கள். ஏன் என்பது 2019-இல் தெரிந்தது: எலியின் மூளை ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் எல்ஒய்6ஏ என்ற புரதம்தான் இந்தக் கேப்சிட்டுக்கு வாசல். பால்ப்/சி எலியில் அந்தப் புரதம் கொஞ்சம் மாறியிருக்கிறது, அளவும் குறைவு. வாசல் பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். சி57பிஎல்/6, எஃப்விபி, டிபிஏ/2 வம்சங்களில் வாசல் திறக்கும். பால்ப்/சி, சி3ஹெச், சிபிஏ வம்சங்களில் திறக்காது. ரோமத்தின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எஃப்விபியும் பால்ப்/சியும் ஒரே மாதிரி வெள்ளை, பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். இதில் மோசமான நிலைமை கலப்பு வம்சம். ஒரே கூண்டில் இரண்டு எலி ஒளிரும், ஒன்று ஒளிராது. நீங்கள் உங்கள் கையைத்தான் சந்தேகப்படுவீர்கள். அந்த மாதிரிச் சமயத்தில் வால் நுனியை வெட்டி எல்ஒய்6ஏ மரபணுவைப் படித்துவிடுவது மலிவு.

எலியை மாற்ற முடியாது, அந்த வம்சம்தான் ஆராய்ச்சிக்கே ஆதாரம் என்றால் கேப்சிட்டை மாற்றுங்கள். எல்ஒய்6ஏ வழியாகப் போகாத கேப்சிட்கள் வந்துவிட்டன. அதுவும் முடியாதென்றால் மண்டையில் துளை போட்டு நேரடி ஊசிதான்.

மண்டையில் துளை போட்டே ஏற்றினேன், அங்கேயும் இருட்டு

இங்கே தடுப்பும் வம்சமும் பேச்சில்லை. குழாய் வேலைதான். ஊசி முனை அடைத்திருக்கும்.

இழுத்து நீட்டிய கண்ணாடிக் குழாயின் முனை மூளைத் திசுவுக்குள் இறங்கும்போதே ஒரு துளி ரத்தம் உறைந்து மூடிவிடும். பம்ப் ஓடும், திரையில் எண் ஏறும், வைரஸ் மட்டும் போகாது. நான் செய்வது இது: ஊசியை இறக்கும் முன் காற்றில் ஒரு சிறு துளியைத் தள்ளி, முனையில் மணி கட்டுகிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன். துடைத்துவிட்டு இறக்குவேன். ஏற்றி முடித்து மேலே எடுத்ததும் மறுபடி ஒரு துளி தள்ளிப் பார்ப்பேன். இரண்டாவது துளி வரவில்லை என்றால் அந்த எலியின் அட்டையில் அன்றைக்கே ‘சந்தேகம்’ என்று எழுதிவிடுவேன். மூன்று வாரம் கழித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. கண்ணாடிக் குழாயில் பேனாவால் கோடு போட்டு, திரவ மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பதும் நல்லது.

முனை சரி என்றால் இடம் தவறியிருக்கலாம். எலியின் மண்டையோட்டில் எலும்புகள் சேரும் இடங்களான ப்ரெக்மாவும் லாம்ப்டாவும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். முன் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாலும் ஆழமான பகுதிக்குப் போகும் ஊசி குறியைத் தாண்டிவிடும். மூளை வரைபடமான அட்லஸில் உள்ள அளவுகள் வளர்ந்த எலிக்கு உரியவை. நாலு வாரக் குட்டிக்கு அப்படியே போட்டால் தப்பும். சந்தேகமிருந்தால், வேறு காரணத்துக்காகக் கருணைக்கொலை செய்யப்பட்ட எலியின் உடலில் வைரஸுக்குப் பதில் நிறச் சாயத்தை ஏற்றி உடனே வெட்டிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் விடை கிடைக்கும், உயிருள்ள எலி ஒன்றும் வீணாகாது.

ஒளிர்கிறது, ஆனால் ஊசித் தடத்தில் மட்டும்

சீவலில் பார்த்தால் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு, மூளையின் மேற்பரப்பில் ஒரு பச்சைத் தொப்பி, வேண்டிய இடத்தில் லேசாக. ஊசியைச் சட்டென்று உருவியிருக்கிறீர்கள். திரவமும் பின்னாலேயே ஏறி வந்துவிட்டது. நிமிடத்துக்கு 50 முதல் 100 நானோலிட்டர் வேகத்தில் விடுங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் ஊசியை அங்கேயே வையுங்கள். பிறகு அரை மில்லிமீட்டர் தூக்கி இன்னும் கொஞ்சம் பொறுத்து, மெதுவாக எடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் டீ குடிக்கத் தோன்றும். போகாதீர்கள், எலியின் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.

தொலைவில், சம்பந்தமில்லாத இடத்தில் ஒளிர்கிறது

சம்பந்தம் இருக்கலாம். சில கேப்சிட்கள் நியூரானின் நுனியில் நுழைந்து செல் உடலுக்குப் பின்னோக்கிப் பயணம் செய்யும். ஏஏவி1 அதிக அளவில் போட்டால் ஒரு நியூரானிலிருந்து அதனோடு இணைந்த அடுத்த நியூரானுக்கும் தாண்டும். 2017-இல் இதைக் காட்டி, வேண்டுமென்றே பயன்படுத்தவும் தொடங்கினார்கள். வைரஸில் க்ரீயை ஏற்றி, எலியில் க்ரீ தொட்டால் ஒளிரும் மரபணு இருந்தால், அப்படித் தாண்டிய ஒன்றிரண்டு துகளே செல்லை முழுசாக ஒளிரவைத்துவிடும். அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். தொலைவு ஒளி காணாமல் போய், ஊசி போட்ட இடம் மட்டும் மிஞ்சினால் காரணம் தெரிந்துவிட்டது.

பிரமாதமாக ஒளிர்கிறது, செல்கள்தான் சரியில்லை

புதிதாக வருபவர்கள் கொண்டாடும் படம் இதுதான். எனக்கு வயிற்றைக் கலக்கும் படமும் இதுதான்.

நியூரானின் நடுவில் உட்கரு இருக்கும். நியூரான் வேலை செய்வதை ஒளியாகக் காட்டும் ஜிகேம்ப் போன்ற கால்சியம் உணர்விகள் பொதுவாக உட்கருவுக்குள் போகாதவை. ஆகவே நல்ல செல் ஒரு வடை மாதிரித் தெரிய வேண்டும்: சுற்றிலும் ஒளி, நடுவில் இருண்ட ஓட்டை. ஓட்டை அடைபட்டு, செல் முழுக்க ஒரே உருண்டையாக ஒளிர்ந்தால், புரதம் அளவுக்கு மீறிக் குவிந்துவிட்டது. அந்தச் செல் தரும் சிக்னலை நம்ப முடியாது. ஒரே படத்தில் வடையும் போண்டாவும் கலந்து கிடக்கும். எண்ணிப் பாருங்கள். போண்டா அதிகமென்றால் வைரஸை நீர்க்கவிடுங்கள், அல்லது சீக்கிரமாக, மூன்றாவது வாரத்திலேயே பதிவெடுங்கள். ஏஏவியில் புரதம் வாரக் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ஆறாவது வாரத்தில் பார்ப்பது மூன்றாவது வாரத்துச் செல் இல்லை.

ஒளிரும் இடத்துக்கு நடுவில் இருட்டுப் பள்ளம் இருந்தால் இன்னும் மோசம். அங்கே செல்கள் இறந்திருக்கலாம். நியூரான்களின் உட்கருவுக்குச் சாயம் ஏற்றி, பள்ளத்தில் ஆளிருக்கிறார்களா என்று எண்ணுங்கள். ஒளி இல்லாததும் செல் இல்லாததும் ஒன்றல்ல.

நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் டென்டேட் ஜைரஸ் பகுதியில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வளர்ந்த எலியிலும் புது நியூரான்கள் பிறக்கும் இடம் அது. ஆய்வகங்களில் சாதாரணமாகப் புழங்கும் ஏஏவி அளவே அங்கே பிறந்துகொண்டிருக்கும் இளம் செல்களைக் கொன்றுவிடுகிறது என்று 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது. உள்ளே வைத்த மரபணு என்னவென்பது பொருட்டில்லை, ஐடிஆர் முனைகளே போதும். நினைவாற்றல் குறைந்தது உங்கள் மரபணுவாலா, வைரஸாலா என்று யாராவது கேட்டால் பதில் வேண்டுமே. வைரஸே போடாத எலியையும், வெறும் ஒளிப் புரதம் மட்டும் ஏற்றிய எலியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு செல்கள் ஒளிர்கின்றன

நியூரானுக்குப் போட்டேன், நட்சத்திர வடிவில் ஆஸ்ட்ரோசைட் ஒளிர்கிறது என்று ஒருவர் வருவார். முதல் கேள்வி: ப்ரோமோட்டர் எது? சிஏஜி என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சினாப்சின் என்றால் அளவு அதிகம்; எந்த ப்ரோமோட்டரும் அளவு மீறினால் கொஞ்சம் கசியும்.

க்ரீ இருக்கும் செல்லில் மட்டும் ஒளிரும்படி கட்டிய வைரஸ், க்ரீ இல்லாத செல்லிலும் ஒளிர்ந்தால், க்ரீயே இல்லாத சாதாரண எலியில் அதே அளவு போட்டுப் பாருங்கள். அங்கேயும் ஒளிர்ந்தால் கட்டமைப்பு கசிகிறது. இந்தக் கட்டுப்பாட்டு எலியை ஆய்வின் தொடக்கத்திலேயே வைத்தால் ஒரு எலி போதும். முடிவில் நினைவு வந்தால் ஆய்வு முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும்.

அப்புறம், வயதான எலி என்றால் நிஜமாகவே ஒளிர்கிறதா என்றும் பாருங்கள். முதுமையில் நியூரான்களில் லைப்போஃபசின் என்ற கழிவு சேரும், அது எல்லா நிறத்திலும் தானாக மின்னும். பச்சையில் தெரியும் புள்ளி சிவப்பு வடிகட்டியிலும் அதே இடத்தில் தெரிந்தால் அது உங்கள் மரபணு இல்லை.

போன தடவை வந்தது, இந்தத் தடவை வரவில்லை

அதே எலி, அதே கை, அதே குறி. வைரஸ் மட்டும் புதுப் புட்டி. இப்போது வைரஸைச் சந்தேகிக்கலாம்.

புட்டியின் மேல் உள்ள டைட்டர் எண்ணை, அதாவது ஒரு மில்லிலிட்டரில் எத்தனை வைரஸ் என்பதை, ஒரு மதிப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள். அது க்யூபிசிஆரில் அளந்தது. ஒப்பீட்டுக்கு எந்த ப்ளாஸ்மிட்டை (பாக்டீரியாவில் வளர்க்கும் வளைய டிஎன்ஏவை) வைத்தார்கள், அதை வெட்டி நேராக்கினார்களா, வளையமாகவே விட்டார்களா என்பதைப் பொறுத்தே மாறும். முறுக்கிய வளையத்தை ஒப்பீடாக வைத்தால் டைட்டர் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். இரண்டு இடத்தில் வாங்கிய வைரஸ்களின் எண்களை அப்படியே ஒப்பிடாதீர்கள். இரண்டையும் உங்கள் ஆய்வகத்தில், ஒரே தட்டில், ஒரே நாளில் அளந்துவிடுங்கள்.

எண் சரியாக இருந்தால், புட்டியை எத்தனை முறை உறையவைத்து உருக்கினீர்கள்? வந்த அன்றே சிறு சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80-இல் வைப்பதுதான் முறை. நீர்க்கும்போது வெறும் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் நீர்த்தால் வைரஸில் கணிசமான பங்கு குழாயின் ப்ளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ப்ளூரானிக் எஃப்-68 என்ற பொருளை 0.001 சதவீதம் சேர்த்தால் ஒட்டாது.

நீங்களே வைரஸ் தயாரிப்பவர் என்றால் ஐடிஆரைப் பாருங்கள். அந்த 145 எழுத்துகள் தனக்குள்ளேயே மடிந்து கொண்டை ஊசி போல நிற்பவை. பாக்டீரியாவுக்கு அது பிடிக்காது. ப்ளாஸ்மிட்டை வளர்க்கும்போது சத்தமில்லாமல் நறுக்கிவிடும். நறுக்கிய ப்ளாஸ்மிட்டில் தயாரித்த வைரஸ் ஓட்டில் டிஎன்ஏ சரியாக ஏறாது. ஒவ்வொரு முறையும் ஸ்மா1 நொதியால் வெட்டி, ஜெல்லில் ஓடவிட்டு, ஐடிஆர் இரண்டும் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாக்டீரியாவையும் இத்தகைய டிஎன்ஏவைக் குலைக்காத இனமாகத் தேர்ந்தெடுத்து, 37 டிகிரிக்குப் பதில் 30 டிகிரியில் வளர்த்தால் தொல்லை குறையும்.

டைட்டரே குறைவாக வருகிறது, ஐடிஆரும் முழுசு என்றால், கூட்டிப் பாருங்கள். டிஎன்ஏவை வெட்டும் ஸ்பைகாஸ்9 புரதத்தின் மரபணு 4,100 எழுத்து. சினாப்சின் ப்ரோமோட்டர் 500. மரபணுவின் முடிவில் வரும் வால் துண்டு 200. ஐடிஆர் இரண்டும் சேர்த்து 300. மொத்தம் 5,100. ஓட்டுக்குள் இடம் 4,700. பெட்டியில் துணி அடைக்கிற மாதிரி அமுக்கி மூட முடியாது. வைரஸ் பாதியில் வெட்டிவிட்டு மூடிக்கொள்ளும். சின்ன காஸ்9 எடுங்கள், அல்லது இரண்டு வைரஸாகப் பிரியுங்கள்.

இரண்டாவது ஊசி பிடிக்கவில்லை

இதில் தேட வேண்டியதே இல்லை. முதல் ஊசிக்குப் பிறகு எலியின் ரத்தத்தில் அந்தக் கேப்சிட்டுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து ரத்தத்தில் ஏற்றும் அதே கேப்சிட்டை அது மூளைக்குப் போகுமுன்னே பிடித்துவிடும். பிஎச்பி.ஈபி, ஏஏவி9-இலிருந்து வந்தது என்பதால் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை ஏற்றுவதும் உதவாது. இரண்டு மரபணு வேண்டுமென்றால் இரண்டு வைரஸையும் முதல் நாளே கலந்து ஏற்றுங்கள்.

மனிதர்களிலும் இதே கதைதான். முதுகுத் தண்டு நரம்புச் செல்கள் செயலிழக்கும் எஸ்எம்ஏ நோய்க்கு, ஏஏவி9 வழியாகப் போகும் ஸோல்ஜென்ஸ்மா அமெரிக்காவில் 2019 மே மாதம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதிக்கப்பட்டது. உடல் எடையில் கிலோவுக்கு 110 லட்சம் கோடி வைரஸ், வாழ்நாளில் ஒரே முறை. ஏற்றும் முன் ஏஏவி9-க்கு ஆன்டிபாடி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

எலியில் வந்தது, குரங்கில் வரவில்லை

மேலே சொன்ன வாசலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எல்ஒய்6ஏ வாசல் எலியின் மூளை ரத்தக் குழாயில் இருக்கிறது, குரங்கினுடையதில் இல்லை. 2018-இல் பிஎச்பி.பி-யை மார்மோசெட் குரங்கின் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு ஏஏவி9-ஐ விடக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் தெரிந்தது அடுத்த ஆண்டு. எலியில் 40 மடங்கு என்ற எண்ணைப் பார்த்து மயங்கியவர்கள் நிறையப் பேர். நான் அந்த எண்ணில் பிழை காணவில்லை, அது எந்த விலங்கில் எடுத்த எண் என்பதை மறந்தவர்களைத்தான் சொல்கிறேன்.

அதன்பிறகு கிரடினாருவின் குழு தேடலைக் குரங்கிலேயே நடத்தியது. கேப்-மேக் என்ற கேப்சிட் 2023-இல் அப்படி வெளியானது. அதே ஆண்டு, எலியில் மூளைக்குள் போகும் வேறு சில கேப்சிட்கள் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் 4 என்ற புரதத்தைப் பிடித்துக் கடக்கின்றன என்றும் அந்தக் குழு காட்டியது. இது குரங்கிலும் மனிதரிலும் உள்ள புரதம். டெவர்மன் பிறகு அமெரிக்காவின் ப்ராட் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார். அங்கே அவர் குழு 2024-இல் தேடலைத் தலைகீழாக்கியது: கிடைத்த கேப்சிட்டுக்கு வாசலைத் தேடாமல், மனித மூளை ரத்தக் குழாயில் நிறைய இருக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை வாசலாக முதலில் முடிவு செய்து, அதைப் பிடிக்கும் கேப்சிட்டைத் தேடியது.

இதில் இப்போது ஒரு புது இருட்டு வந்திருக்கிறது. அந்தக் கேப்சிட் மனித ஏற்பியைப் பிடிக்கும், எலியினுடையதைப் பிடிக்காது. “அதையே வரவழைத்துக் கறுப்பு எலியில் போட்டேன், நல்ல வம்சம்தான், ஒன்றும் தெரியவில்லை” என்று யாராவது சொன்னால் வைரஸைக் கொட்ட விடாதீர்கள். மனித டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் மரபணு பொருத்திய எலி தனியாக உண்டு. கூண்டு அட்டையில் அது எழுதியிருக்கும்.